அஞ்சடியில் ஒரு லீனியர் மோட்டார்: குலுங்காமல், வீணாகச் சூடேறாமல் தள்ளவைப்பது எப்படி

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பாடாங் செராயில் எங்கள் வீட்டைச் சுற்றி ஒரு காலத்தில் ரப்பர். இப்போது பெரும்பாலும் செம்பனை. அப்பா தலைமுறை விடிவதற்குள் பால்மரம் வெட்டப் போனது. எங்கள் தலைமுறை அதே நேரத்துக்குத் தொழிற்சாலைப் பேருந்து ஏறி, 1996-இல் திறந்த கூலிம் ஹைடெக் பார்க் பக்கம் போகிறது. நானும் அதில் ஒருவன். இயந்திரங்களைப் பழுதுபார்ப்பது என் வேலை. சில்லு ஒட்டும் இயந்திரம் ஒன்றின் மூடியை முதன்முதலாகக் கழற்றியபோது உள்ளே பல்சக்கரத்தைத் தேடினேன். இல்லை. பெல்ட் இல்லை, திருகுத் தண்டும் இல்லை. இரண்டு வரிசைக் காந்தங்களுக்கு நடுவில், எதையும் தொடாமல், ஒரு மெல்லிய பலகை மட்டும் நின்றது. விரலால் தள்ளினேன். சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனது.

அதை வீட்டு அஞ்சடியில், அதாவது முன்வாசல் தாழ்வாரத்தில், செய்து பார்க்க வேண்டும் என்ற ஆசைக்கு மூன்று வருடமும், உருப்படாத இரண்டு மோட்டாரும் செலவாயின. அந்த இரண்டு மோட்டாரை நீங்கள் செய்யாமல் நேராக மூன்றாவதற்கு வருவதற்காகத்தான் இதை எழுதுகிறேன். பாலிடெக்னிக்கில் படிப்பவர்கள், பராமரிப்பு வேலையில் புதிதாகச் சேர்ந்தவர்கள், மல்டிமீட்டர் பிடிக்கத் தெரிந்த யாரும் செய்யலாம். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: குலுக்கலைப் பிறகு டிரைவில் (மோட்டாருக்கு மின்னோட்டத்தை அளந்து கொடுக்கும் மின்னணுப் பலகையில்) சரிசெய்துகொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். காந்தத்தின் அகலம், நடுவிலுள்ள இடைவெளி, சுருளின் அளவு ஆகிய மூன்றையும் காகிதத்தில் எழுதும்போதே பாதி விதி எழுதப்பட்டுவிடுகிறது.

எது லீனியர் மோட்டார்?

சாதாரண சுற்றும் மோட்டாரை ஒரு பக்கம் வெட்டிப் பாய்போல விரித்துப் போட்டால் அதுதான். சுற்றுவதற்குப் பதிலாக நேராக ஓடும். பக்கத்து வீட்டு மாமா செம்பனை ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். காந்தங்களை நான் அடுக்குவதைப் பார்த்துவிட்டு, "என்னா தம்பி, ரயில் தண்டவாளமா போடுறே?" என்றார். கேலியாகத்தான் கேட்டார், ஆனால் தப்பில்லை. கோலாலம்பூரில் 1998-இல் ஓடத் தொடங்கிய கிளானா ஜெயா எல்ஆர்டி ரயில் லீனியர் மோட்டாரில்தான் ஓடுகிறது. தண்டவாளங்களுக்கு நடுவே படுத்திருக்கும் தட்டையான பட்டை அந்த மோட்டாரின் மறுபாதி. ஆனால் அது தூண்டல் வகை. பட்டையில் காந்தம் கிடையாது. நாம் செய்யப்போவது நிரந்தரக் காந்தம் வைத்தது. இதில் மின்சாரத்தைக் காந்தப்புலம் உண்டாக்கச் செலவழிக்க வேண்டாம். மின்னோட்டம் முழுவதும் தள்ளுவிசைக்கே போகும்.

நிரந்தரக் காந்த வகையிலும் இரண்டு வழி உண்டு. இரும்புப் பற்களில் கம்பி சுற்றினால் இரும்புக்கரு வகை: விசை அதிகம், ஆனால் இரும்பும் காந்தமும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே இருக்கும். மின்சாரமே இல்லாதபோதும் கையால் தள்ளினால் கடக்-கடக் என்று இடறும். தொழிற்சாலையில் இதைக் கோகிங் என்போம். இரும்பே இல்லாமல், எப்பாக்சியில் உறைந்த சுருள் இரண்டு காந்தச் சுவர்களுக்கு நடுவே ஓடினால் இரும்பில்லா வகை. விசை குறைவு, கோகிங் சுத்தமாகக் கிடையாது.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் இரும்பில்லா வகையில் தொடங்குங்கள். என் முதல் மோட்டாரை நான் பழைய டிரான்ஸ்ஃபார்மர் தகடுகளை வெட்டி இரும்புக்கருவோடு செய்தேன். தோட்டத்துச் செம்மண் பாதையில் லோரி போகிற மாதிரி ஓடியது.

முதல் வேலை: துருவத் தூரம்

ஒரு வடக்குக் காந்தத்தின் நடுவிலிருந்து அடுத்த தெற்குக் காந்தத்தின் நடு வரைக்கும் உள்ள நீளத்தைத் துருவத் தூரம் என்று வைத்துக்கொள்வோம். மற்ற எல்லா எண்ணும் இதிலிருந்துதான் பிறக்கும். வேகக் கணக்கு எளிது: வேகம் = 2 × துருவத் தூரம் × மின்னோட்டத்தின் அதிர்வெண்.

நான் எடுத்துக்கொண்டது 12.5 மி.மீ. அப்படியானால் ஒரு முழு மின்சுற்று, அதாவது மின்னோட்டத்தின் ஒரு முழு அலை, 25 மி.மீ.; விநாடிக்கு 1 மீட்டர் ஓட 40 ஹெர்ட்ஸ் போதும். மலிவான டிரைவுக்கும் இது சிரமமில்லை.

ஏன் 12.5? இணையக் கடைகளில் எளிதாகக் கிடைப்பது 10 மி.மீ. அகலக் காந்தம். 10-ஐ 12.5-ஆல் வகுத்தால் 0.8. இந்த 0.8-இல் ஒரு சூட்சுமம் இருக்கிறது. காந்த வரிசையின் புலம் சுத்தமான சைன் அலையாக இருக்காது. அதற்குள் 3, 5, 7 மடங்கு அதிர்வெண் கொண்ட குட்டி அலைகளும் ஒளிந்திருக்கும். மூன்று கட்ட மோட்டாரை (ஒன்றையடுத்து ஒன்றாக ஏறி இறங்கும் மூன்று மின்னோட்டத்தில் ஓடுவது) நட்சத்திர இணைப்பில், அதாவது மூன்று கட்டத்தின் ஒரு முனையை ஒன்றாகச் சேர்த்து, கட்டும்போது 3-ஆம் அலை தானாகவே ஒதுங்கிவிடும். குலுக்கலுக்குக் காரணம் 5-உம் 7-உம்தான். காந்தத்தின் அகலம் துருவத் தூரத்தில் 0.8 பங்காக இருந்தால் 5-ஆம் அலை கணக்குப்படி பூஜ்யம். 7-ஐ ஒழிக்க வேண்டுமென்றால் 0.857 வேண்டும். இரண்டையும் ஒரே அகலத்தில் ஒழிக்க முடியாது. பெரிய திருடனை முதலில் பிடிப்போம் என்று நான் 0.8-ஐ வைத்துக்கொண்டேன். இடைவெளி அகலமாக இருக்கும் இரும்பில்லா மோட்டாரில் 7-ஆம் அலை சுருளை எட்டுவதற்குள் வெகுவாகத் தேய்ந்துவிடுகிறது.

என் இரண்டாவது மோட்டாரில் காந்தங்களை இடைவெளியே விடாமல் நெருக்கி அடுக்கியிருந்தேன். காந்தம் அதிகமானால் விசை அதிகம் என்ற நினைப்பு. விசை கொஞ்சம் கூடியது உண்மை. ஆனால் 5-ஆம் அலையும் கூடவே வந்து உட்கார்ந்துகொண்டது.

காந்தம் வாங்கும்போது

தேவை நியோடிமியம்-இரும்பு-போரான் காந்தம். 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானில் மசாட்டோ சகாவாவும் அமெரிக்காவில் ஜான் குரோட்டும் தனித்தனி வழியில் கண்டுபிடித்தது. இதற்கான அருமண் தனிமங்களைக் குவாந்தானுக்கு அருகே கெபெங்கில் உள்ள லைனாஸ் ஆலை, ஆஸ்திரேலியாவிலிருந்து வரும் தாதுவிலிருந்து பிரித்தெடுக்கிறது. இங்கே பிரித்த பொருள் வெளியூர் சுற்றிக் காந்தமாகி நம் வீட்டுக்குத் தபாலில் வருகிறது என்று நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது.

தரம் என்42 போதும். என்52 பலம் கூடியது, விலையும் கூடியது. பலத்தைவிட வெப்பத் தாங்குதிறனைப் பாருங்கள். பின்னால் எழுத்தில்லாத சாதாரணத் தரம் 80 டிகிரி வரைக்கும்தான். எம் என்று முடிந்தால் 100, எச் என்றால் 120, எஸ்எச் என்றால் 150. பிற்பகலில் என் அஞ்சடியே 33 டிகிரிக்கு வந்துவிடும், அதற்கு மேல்தான் சுருளின் சூடு.

இன்னொன்று, நம் ஊர் ஈரப்பதம். இந்தக் காந்தத்துக்கு நிக்கல் பூச்சுதான் சட்டை. ஒரு முறை வாங்கிய பெட்டியில் நாலைந்து காந்தங்களின் மூலையில் பூச்சு பெயர்ந்திருந்தது. பரவாயில்லை என்று ஒட்டிவிட்டேன். அடுத்த மழைக்காலத்தில் அந்த மூலைகளில் சாம்பல் நிறத் தூள் பூத்து, ஒட்டிய இடத்திலிருந்தே கிளம்பத் தொடங்கியது. பூச்சு உடைந்ததைத் தனியே எடுத்து வையுங்கள். மற்றவற்றை ஒட்டிய பிறகு ஓரங்களில் எப்பாக்சி தடவி அடைத்துவிடுங்கள்.

இடைவெளியில் கஞ்சனாக இருங்கள்

என் கணக்கு இது: இரண்டு பக்கமும் 5 மி.மீ. தடிமன் காந்தம், நடுவே 8 மி.மீ. வெளி, அதில் 6 மி.மீ. தடிமனுள்ள சுருள், இரு புறமும் 1 மி.மீ. காலி. இந்த அளவில் நடுக்கோட்டில் காந்தப்புலத்தின் உச்சம் ஏறக்குறைய 0.54 டெஸ்லா.

சரி, உரசிவிடுமோ என்று பயந்து இரண்டு பக்கமும் இன்னும் 1 மி.மீ. விட்டு, வெளியை 10 மி.மீ. ஆக்கினால்? புலம் 0.41-க்கு இறங்கிவிடும். இதைப் பார்த்து 'கால்பங்குதானே குறைந்தது' என்று தோன்றும். ஆனால் அதே விசையைப் பெற மின்னோட்டத்தை அந்த அளவுக்குக் கூட்ட வேண்டும். செப்பில் ஏற்படும் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்தில் ஏறுவது. ஆகவே அதே வேலைக்கு ஏறக்குறைய 1.7 மடங்கு சூடு. ரெண்டு மில்லிமீட்டர் சோம்பலுக்கு இத்தனை தண்டம். இந்த ஒரு கணக்கைப் பார்த்த பிறகு வழிகாட்டித் தண்டவாளத்துக்குக் கஞ்சத்தனம் செய்வதை விட்டுவிட்டேன். நேராக, ஆட்டமில்லாமல் ஓடும் லீனியர் கைடு ஒன்று பழைய இயந்திரச் சாமான் விற்கும் தவுக்கேயிடம் கிடைத்தால் விடாதீர்கள்.

இந்த எண்களைக் கையால் போடத் தெரியாவிட்டாலும் கவலை வேண்டாம். எஃப்இஎம்எம் என்ற இலவச மென்பொருளில் காந்தம், இரும்புத் தகடு, காற்று மூன்றையும் வரைந்து கொடுத்தால் புலத்தைக் காட்டிவிடும். முதல் சனிக்கிழமை முழுவதும் அதில் போகும், போகட்டும்.

காந்தங்களின் முதுகுக்குப் பின்னால் 6 மி.மீ. மைல்ட் ஸ்டீல் தகடு வையுங்கள். காந்தப்பாய்வைத் தாங்க அதில் பாதி தடிமன் போதும். மீதி வளையாமல் இருப்பதற்கு. 300 மி.மீ. நீளம், 40 மி.மீ. அகலம் உள்ள இரண்டு காந்தச் சுவர்கள் 8 மி.மீ. தூரத்தில் ஒன்றையொன்று சுமார் 70 கிலோ எடைக்குச் சமமான விசையோடு இழுக்கும். ஒரு ஆள் ஏறி நிற்பதுபோல. தகட்டை ஒரு பக்கம் மட்டும் பிடித்து நிறுத்தினால் வாய் மூடிக்கொள்ளும். அடிப்பக்கம் கனமான கட்டையும், இரண்டு தலைப்பிலும் தாங்கலும் வேண்டும்.

ஒட்டும் நாள்

ஒரு பக்கத்துக்கு 24, இரண்டுக்கும் 48 காந்தம். மணிக்கட்டில் கைக்கடிகாரம் வேண்டாம், இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அந்த அறைக்குள்ளேயே வேண்டாம், பிள்ளைகளும் வேண்டாம். இரண்டு காந்தம் தாவி மோதினால் சில்லாகச் சிதறும். கண்ணாடி போட்டுக்கொண்டே வேலை செய்யுங்கள்.

புதியவர்கள் செய்யும் தவறு, ஒரு காந்தம், 2.5 மி.மீ. துண்டு, அடுத்த காந்தம் என்று ஒன்றையொன்று முட்டவைத்து அடுக்கிப்போவது. ஒவ்வொன்றிலும் 0.1 மி.மீ. பிசகினால் 24-ஆவது காந்தத்துக்குப் போகும்போது 2 மி.மீ.க்கு மேல் விலகியிருக்கும். அதற்குப் பதிலாகச் சீப்பு மாதிரி ஒரு அச்சை அக்ரிலிக்கில் லேசர் வெட்டி வாங்கிக்கொள்ளுங்கள். பல்லுக்குப் பல் 12.5 மி.மீ. இருக்கட்டும். அதைத் தகட்டில் பிடித்து, காந்தத்தைப் பள்ளத்துக்குள் தள்ளி ஒட்டுங்கள். பிழை வந்தாலும் சேராது.

காந்தத்தை இறக்க எனக்குக் கைகொடுத்தது ரப்பர் மரத் துண்டுகள். ஆப்பு மாதிரி சீவி, காந்தத்துக்கும் இரும்புத் தகட்டுக்கும் நடுவே வைத்து, மெல்ல மெல்ல உருவி எடுப்பது. மாமாவின் யோசனை. ஆலையில் தாங்குருளையை இறக்க அவர் அப்படித்தான் செய்வாராம்.

எதிரெதிரே நிற்கும் இரண்டு சுவர்களிலும் வடக்கு முகத்துக்கு எதிரே தெற்கு முகம் வர வேண்டும். ஒட்டுவதற்கு முன் ஒவ்வொரு காந்தத்தின் ஒரே முகத்தில் மார்க்கர் பேனாவால் புள்ளி வைத்துவிடுங்கள். இந்த வேலையைத் தூக்கக் கலக்கத்தில் செய்யக்கூடாது.

சுருள்

நான்கு துருவத்துக்கு மூன்று சுருள். நான்கு துருவம் 50 மி.மீ.; ஆக, ஒரு சுருளுக்கு 16.67 மி.மீ. இடம். நான் 16.5 அகலத்தில் சுற்றினேன்: இடது கால் 5.5, நடு ஓட்டை 5.5, வலது கால் 5.5. கம்பி 0.4 மி.மீ. இனாமல் செம்பு, ஒரு சுருளுக்கு 120 சுற்று. ஒரு மின்சுற்றை 360 டிகிரி என்று வைத்தால், அடுத்தடுத்த சுருள்கள் 120 டிகிரிக்குப் பதிலாக 240 டிகிரி தள்ளி உட்காரும். அதனால் முதல் முறை மின்சாரம் கொடுக்கும்போது மோட்டார் எதிர்ப்பக்கம் ஓடினால் பதற வேண்டாம். எந்த இரண்டு கம்பியையாவது மாற்றிக் கட்டுங்கள்.

கம்பியை நெருக்கமாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் சுற்றுவதுதான் இந்த மோட்டாரின் சிக்கனம். செப்பு நிறைய இருந்தால் மின்தடை குறையும், சூடும் குறையும். சுற்றிய சுருளின் மின்தடையை மல்டிமீட்டரில் பாருங்கள். என் மூன்றும் 1.9 ஓமை ஒட்டி வந்தன. ஒன்று மட்டும் 1.7 காட்டினால் சுற்று எண்ணுவதில் தவறியிருக்கிறீர்கள்; பிரித்துச் சுற்றுங்கள். எனக்கு அப்படி ஒன்று ஆனது. எட்டு மணிச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது, எண்ணிக்கை தப்பிவிட்டது.

இப்போது எதிர்பார்க்கும் விசை. ஒரு சுருளில் இரண்டு காலும் சேர்த்து 240 கம்பி. காந்தத்துக்குள் நிற்கும் நீளம் 0.04 மீட்டர், சுருளின் தடிமன் முழுவதும் சராசரியாகப் பார்த்து, ஓரக் கசிவைக் கழித்தால் புலம் 0.56 டெஸ்லா. பெருக்கி, கம்பிகள் பரவிக் கிடப்பதற்காக 0.9-ஆல் குறைத்தால் 4.84. மூன்று கட்டமும் சேர்ந்து 1.5 மடங்கு. அதாவது உச்ச மின்னோட்டம் 1 ஆம்பியருக்குச் சுமார் 7.3 நியூட்டன்.

இதைவிட நல்ல அளவுகோல் ஒன்றிருக்கிறது. விசையை, அதற்காகச் செலவான வாட்டின் வர்க்கமூலத்தால் வகுப்பது. மோட்டார் மாறிலி என்பார்கள். 1 ஆம்பியருக்கு நம் சுருள்கள் 2.8 வாட் சாப்பிடும். அப்படியானால் மாறிலி 4.3-ஐ ஒட்டி. இதன் அழகு என்னவென்றால், மெல்லிய கம்பியில் நிறையச் சுற்றுகிறீர்களா, தடித்த கம்பியில் குறைவாகவா என்பதைப் பொறுத்து இது மாறாது. இடத்தில் செப்பு எவ்வளவு, புலம் எவ்வளவு என்பதை மட்டுமே பொறுத்தது. விளம்பரத்தில் 'ஆம்பியருக்கு இத்தனை நியூட்டன்' என்று பெரிய எண்ணைப் போட்டு யாராவது மயக்கினால் இந்த எண்ணைக் கேளுங்கள்.

சுருள்களை எப்பாக்சியில் வார்க்கும்போது காந்தப்புலத்துக்குள் வரும் பகுதியில் அலுமினியம் போடாதீர்கள். உறுதியாக இருக்கட்டும் என்று 1 மி.மீ. அலுமினியத் தகட்டை நடுவில் வைத்தால் அதில் சுழல் மின்னோட்டம் எழுந்து, வேகம் கூடக்கூடப் பின்னுக்கு இழுக்கும். சர்க்யூட் பலகைக்கான கண்ணாடி இழைத் தகடு நல்லது. அலுமினியத்தைச் சுருளின் தலைப்பக்கம், காந்தத்துக்கு வெளியே வையுங்கள், சூட்டை வாங்கிக்கொள்ளும்.

நிலையறிதலும் டிரைவும்

சுருள் எந்த இடத்தில் நிற்கிறது என்று டிரைவுக்குத் தெரிய வேண்டும். மலிவான வழி, இரண்டு நேர்விகித ஹால் சென்சார்களை (காந்தப்புலத்துக்கு ஏற்ற அளவில் வோல்ட் தருபவை) 6.25 மி.மீ. தள்ளிப் பொருத்துவது. ஒன்று சைன் தரும், மற்றது கொசைன். எஸ்எஸ்49இ மாதிரி சென்சார்கள் 0.1 டெஸ்லாவைத் தாண்டினால் உச்சத்தில் முட்டி நின்றுவிடும். ஆகவே அரை டெஸ்லா இருக்கும் நடுவில் வைக்காமல், காந்தச் சுவரின் மேல் விளிம்புக்குச் சற்று வெளியே கசிவுப் புலத்தில் வையுங்கள். துல்லியம் வேண்டுமென்றால் காந்தப் பட்டையும் ஏஎஸ்5311 சில்லும், 2 மி.மீ.யை 4096 பங்காகப் பிரிக்கும்.

டிரைவுக்குச் சிம்பிள்எஃப்ஓசி என்ற திறந்த நிரல் தொகுப்பும் ஒரு சின்னப் பலகையும் போதும். சைன் அலையில் ஓட்டுங்கள். மின்னோட்டத்தை அலையாக இல்லாமல் ஆறு படியாக மாற்றும் பழைய ஆறு-படி முறையில் ஓட்டினால், மோட்டார் எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஒவ்வொரு படியிலும் விசை உச்சத்திலிருந்து 13 விழுக்காடு இறங்கி ஏறும். முதலில் கேட்ட நடுக்கத்துக்கு நான் மூன்று வாரம் சுருளைத் திட்டிக்கொண்டிருந்தேன். காரணம் டிரைவின் அமைப்பில் ஒரே ஒரு வரி.

சென்சாரின் கோணம் பிசகினாலும் தண்டம்தான். சென்சார் 1 மி.மீ. தள்ளி நின்றால் 14 டிகிரி பிழை; விசை 3 விழுக்காடு போகும். 3 மி.மீ. என்றால் கால்பங்குக்கு மேல் போகும்.

மீன் தராசை எடுங்கள்

மீன் பிடிக்கிறவர்கள் வைத்திருக்கும் டிஜிட்டல் கொக்கித் தராசு ஒன்று போதும், விசையை அளக்க.

ஒரு கட்டத்தில் 1 ஆம்பியர் நேர்மின்னோட்டம் விட்டு, மற்ற இரண்டு கட்டத்தையும் சேர்த்துத் திரும்ப எடுங்கள். சுருள் ஓரிடத்தில் பூட்டிக்கொள்ளும். கொக்கியை மாட்டி மெதுவாக இழுங்கள். விசை ஏறிக்கொண்டே போய், 6.25 மி.மீ. நகர்ந்ததும் உச்சம் தொட்டு, பிறகு தளர்ந்து அடுத்த இடத்துக்குத் தாவும். அந்த உச்சம்தான் உங்கள் மோட்டார் ஆம்பியருக்குத் தரும் விசை. கணக்குப்படி 740 கிராம் காட்ட வேண்டும். என்னுடையது 680 காட்டியது. கையால் சுற்றியதற்கு இது மோசமில்லை.

ஆசிலோஸ்கோப் இருந்தால் இன்னொரு சோதனை. மூன்று முனையையும் திறந்துவிட்டு, நட்சத்திர முனைக்கும் ஒரு கட்டத்துக்கும் நடுவே பார்த்தபடி சுருளைக் கையால் தள்ளுங்கள். சைன் அலை வரும். வேகத்தை அளக்கத் தனிக் கருவி வேண்டாம், அலையே சொல்லிவிடும். ஒரு முழு அலை எப்போதும் 25 மி.மீ. தானே? அது 50 மில்லி விநாடி எடுத்தால் வேகம் விநாடிக்கு அரை மீட்டர். அலையின் உச்சம் 2.2 வோல்ட் என்றால் விநாடிக்கு 1 மீட்டருக்கு 4.4 வோல்ட், 1.5-ஆல் பெருக்கினால் 6.6 நியூட்டன். தராசு சொன்னதும் இதுவும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் தராசை நம்பாதீர்கள், உராய்வைத் தேடுங்கள். அலையின் தலை தட்டையாக இருந்தால், அல்லது மூன்று கட்டங்களின் உச்சம் வேறுவேறாக இருந்தால், குலுக்கல் மோட்டாருக்குள்ளேயே பிறக்கிறது.

குலுக்கலின் நீளத்தை அளந்தால் குற்றவாளி கிடைப்பான்

இந்தப் பகுதியை யாராவது எனக்கு முதலிலேயே சொல்லிக் கொடுத்திருந்தால் ஒரு வருடம் மிச்சமாகியிருக்கும். மோட்டாரை மிக மெதுவான, சீரான வேகத்தில் ஓட்டி, டிரைவ் காட்டும் மின்னோட்டத்தை இடத்துக்கு இடம் குறித்துக்கொள்ளுங்கள். மேலும் கீழும் போகும் அந்தக் கோட்டில், ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேட்டுக்கு எத்தனை மில்லிமீட்டர்?

25 மி.மீ. என்றால், மின்னோட்டம் அளக்கும் சென்சார் பூஜ்யத்தில் பூஜ்யம் காட்டவில்லை. மோட்டார் ஓடாதபோது டிரைவில் அதைச் சரிசெய்யுங்கள். 12.5 மி.மீ. என்றால் இரண்டு கட்டங்களின் அளவு ஒத்துப்போகவில்லை, ஒன்று கூட்டியும் ஒன்று குறைத்தும் காட்டுகிறது. அல்லது நகரும் பாகத்தில் எங்கேயோ இரும்பு இருக்கிறது. எனக்கு ஒரு முறை அது இரண்டு ஸ்டீல் திருகு. பித்தளைத் திருகு மாற்றியதும் போயிற்று. 4.17 மி.மீ., அதாவது ஒரு மின்சுற்றுக்கு ஆறு முறை என்றால், 5-ஆம் 7-ஆம் அலைகள், அல்லது ஆறு-படி ஓட்டம். 2 மி.மீ. என்றால் காந்தப் பட்டைச் சென்சார் சாய்ந்திருக்கிறது. எந்தக் கணக்குக்கும் வராமல், ஒரே இடத்தில் ஒரு முறை மட்டும் மேடு வந்தால் தண்டவாளத்தில் தூசி. அல்லது கேபிள் மடங்கி இழுக்கிறது. கேபிளை யாரும் சந்தேகப்படுவதில்லை. விறைப்பான கேபிள் ஒன்று அரை நியூட்டன் தள்ளும்.

இதையெல்லாம் சரிசெய்த பிறகும் மிஞ்சுகிற குலுக்கலுக்கு டிரைவில் அட்டவணை போடலாம்: இந்த இடத்தில் இவ்வளவு மின்னோட்டம் கூட்டு, அந்த இடத்தில் குறை என்று. நன்றாகவே வேலை செய்யும். ஆனால் காந்தம் சூடானால் பலம் டிகிரிக்கு 0.12 விழுக்காடு குறையும். காலையில் போட்ட அட்டவணை மத்தியானம் கொஞ்சம் பிசகும். அதனால்தான் அட்டவணை கடைசி.

இரும்புக்கருதான் வேண்டும் என்றால்

சிலருக்குப் பெரிய விசை தேவைப்படும். அப்போது மூன்றை மட்டும் கவனியுங்கள். 2 துருவத்துக்கு 3 பள்ளம் (இரும்புப் பற்களுக்கு நடுவே கம்பி உட்காரும் இடம்) என்ற எளிய கணக்கை விட்டு, 10 துருவத்துக்கு 12 பள்ளம் அல்லது 8-க்கு 9 பள்ளம் என்று போங்கள். கோகிங் துருவத் தூரத்துக்கு மூன்று முறை வந்தது, ஆறாகவும் ஒன்பதாகவும் சிதறி, உயரம் குறைந்துவிடும். அடுத்து, காந்தங்களை ஒரு கோகிங் நீளத்துக்குச் சாய்த்து ஒட்டுங்கள். மூன்றாவது, சுற்றும் மோட்டாரில் இல்லாத தொல்லை: இரும்புக்குத் தலையும் வாலும் உண்டு. அந்த இரண்டு முனையும் காந்தத்தை இழுத்து இழுத்து விடும். முனைப் பல்லின் நீளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி எஃப்இஎம்எம்-இல் பாருங்கள். ஒரு நீளத்தில் தலையின் இழுப்பும் வாலின் இழுப்பும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். தண்டவாளத்தையும் அதற்கேற்ப வாங்குங்கள். 0.8 டெஸ்லா புலத்தில் ஒவ்வொரு சதுர செ.மீ.யும் 25 நியூட்டனால் கீழே இழுக்கும். உள்ளங்கை அளவுகூட இல்லாத 50 சதுர செ.மீ. இரும்பு 130 கிலோ கனம் ஏற்றியதற்குச் சமம். என் டிரான்ஸ்ஃபார்மர் தகடு மோட்டாரின் தாங்குருளை ஒரே மாதத்தில் ஏன் அரைபட்டது என்று இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் புரிந்தது.

கடைசிச் சோதனை: தண்ணீர் போத்தல்

1.5 லிட்டர் போத்தலில் தண்ணீர் நிரப்பி, கயிற்றில் கட்டி, கப்பி வழியாக மோட்டாரோடு இணைத்துத் தொங்கவிடுங்கள். 14.7 நியூட்டன். இதைப் பிடித்துக்கொண்டு நிற்க என் மோட்டாருக்கு 2.2 ஆம்பியர், 14 வாட் போகிறது. ஓடிக்கொண்டிருந்தால் சூடு மூன்று சுருளுக்கும் பங்காகும். ஓரிடத்தில் நின்றால் அப்படியில்லை. உச்சத்தில் மாட்டிக்கொண்ட ஒரு சுருளே மூன்றில் இரண்டு பங்கைச் சுமக்கும். ஆகவே நிறுத்தி வைத்துத்தான் சோதிக்க வேண்டும், அதுவும் ஒவ்வொரு சுருளையும் உச்சத்தில் நிறுத்தி. வெப்பமானியை மூன்றிலும் ஒட்டுங்கள்.

முதல் நாள் பத்து நிமிடத்துக்குள் நடுச்சுருள் தொட முடியாதபடி ஆகிவிட்டது. செப்பு 28-இலிருந்து 100 டிகிரிக்குப் போனால் மின்தடை சுமார் 27 விழுக்காடு ஏறும். சூடு சூட்டைக் கூட்டும். மாமா போத்தலைக் கழற்றிவிட்டு, "ரெண்டு மாட்டை ஒரே நுகத்துல கட்டு தம்பி, ஒன்னையே போட்டு அடிக்காதே" என்றார். இன்னொரு மூன்று சுருள் சுற்றிப் பக்கத்தில் சேர்த்தேன். மின்னோட்டம் பாதி, மொத்தச் சூடும் பாதி: 7 வாட். அரை மணி நேரம் கழித்துத் தொட்டுப் பார்த்தேன். கைதாங்கும் சூடுதான். போத்தல் அசையவில்லை.